சித்திரகாரர் கொண்டையராஜு

சென்ற மாதத்து இறுதியில் ஒரு மாலைப்பொழுது, மயிலைத் தெற்கு மாடவீதியில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எம்மை வழிமறித்தார். அவர் முகம் வாடியிருந்தது. அவருடைய குமாரன் எம்மிடம் பத்தாம் வகுப்பிற் படித்தவன்; பின்னர் வணிகவியலிற் பட்டமும் பெற்றான். பட்டம் பெற்றவன் காரியாலயம் ஒன்றினும் சென்று அமர்ந்தானில்லை. சபாக்களில் நாடகம் போடும் குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டு, பலகையை அறுத்து வாள் செய்வதும், அட்டையைக் கொண்டு சிங்காதனம் செய்வதும், திரைக்குப் பின்னே கயிறு பிடித்து நிற்பதுமாய் இருக்கின்றான். மேடைமேல் ஏறி நடித்தாலாவது நாலு பேர் முகம் அறிவர். இவனோ முகமும் அறியப்படாத வேலையில் இறங்கிவிட்டான். நாளை பெண் கொடுப்பார் வந்து பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் யாது விடை சொல்வது என்று அன்பர் வருந்தினார். பழைய உபாத்தியாயர் என்ற முறையில் யாம் அவனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

யாம் உடனே விடை கூறவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டோம். அவருடைய அநுமதியோடு அவ்விடையை இப்பத்திரிகை வாயிலாகவே எழுதத் துணிந்தோம். இப்பக்கங்களிற் பெரும்பாலும் நம்மவராகிய பெரியோர்களின் சரிதமே வெளிவருவது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தைச் சிறிது கடந்து, நம் வீட்டுப் பூஜையறைகளிலெல்லாம் கையெழுத்திட்டுச் சென்ற ஒருவரின் சரிதத்தைக் கூறப் புகுகின்றோம்.

நாடக மேடையைப் பற்றி எமக்குள்ள அநுபவம் மிகச் சிறிது. பல ஆண்டுகளுக்கு முன் எம் மாணாக்கர் பள்ளி ஆண்டு விழாவிற் குசேலர் நாடகம் நடித்தனர். துவாரகையின் அரண்மனைக்கென்று ஒரு படுதாவை வாடகைக்குக் கொணர்ந்தோம். அவசரத்தில் முன்கூட்டி விரித்துப் பாராமல் விட்டது எம் பிழை. கண்ணபிரான் குசேலரைத் தழுவிக்கொள்ளும் நேரத்தில் பின்னே படுதா இறங்கிற்று. அதில் ஒரு நகரத்துத் தெருவும், அத்தெருவின் நடுவே ஒரு மின்சார விளக்குக் கம்பமும் எழுதப்பட்டிருந்தன. சபையோர் நகைத்த நகைப்பில் குசேலராக நடித்த சிறுவன் வசனத்தை மறந்து அழுதுவிட்டான். பின்னே தொங்கும் துணிக்கு எவ்வளவு வலிமை உண்டென்பதை அன்று அறிந்தோம். அந்தத் துணியை எழுதுகின்றவர் யார் என்று எண்ணத் தொடங்கியதும் அன்றுதான்.

அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர் சி. கொண்டையராஜு அவர்கள். அவர் பிறந்த ஊர் இந்த மயிலாப்பூரே. 1898-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிறந்தார். தந்தையார் வைத்தியத் தொழிலினர். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் பல்லக்குகள் சூழக் கபாலீசுவரர் எழுந்தருளும் காட்சியை ஆண்டுதோறும் கண்டு வளர்ந்த சிறுவன் ஒருவனுக்கு, தெய்வம் என்பது மாலையும் தீவர்த்தியும் குடையும் கூடியதொரு பெருங்காட்சியாகவே மனத்திற் பதிந்திருத்தல் வேண்டும். இஃது எம் ஊகமேயன்றி வேறன்று; ஆயினும் அவர் பிற்காலத்து எழுதிய படங்களைப் பார்த்தோர் இவ்வூகத்தை மறுக்கமாட்டார்.

வாலிபப் பருவத்தில் அவர் சென்னை ஓவியக் கலாசாலையிற் பயின்றார். அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிப் பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கலாசாலை அது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரி என்று வழங்குவதும் அதுவே. அக்காலத்தில் அங்கே மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம், சித்திரம் என்னும் பலவும் கற்பிக்கப்பட்டன. ஒரு பொருளின் நிழல் எப்பக்கம் விழும், தூரத்திலுள்ள தூண் எவ்வளவு சிறுத்துத் தோன்றும், மனித உடலின் அளவுகள் யாவை என்னும் மேனாட்டு முறைக் கணக்குகளை அங்கே மாணாக்கர் கற்றனர். கோயிற் சுவரில் எழுதும் நம் பழைய ஓவியருக்கு இக்கணக்கு வேண்டியிருந்ததில்லை. கொண்டையராஜு இரண்டையும் அறிந்தவரானார்.

கலாசாலையை விட்டு வந்தவர் நேரே சம்பாத்தியத்தில் இறங்கினார் என்று எண்ணவேண்டா. அவர் உள்ளம் துறவின்பால் இழுக்கப்பட்டது. திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் சந்நிதியிற் சில காலம் தங்கினார். மகரிஷியின் உருவத்தைச் சித்திரமாகவும் எழுதினார். இல்லறத்தை அவர் மேற்கொள்ளவே இல்லை. ஆயினும் அவரது கை தூரிகையை விடவில்லை. துறவு மனமும் கைத்தொழிலும் ஒருங்கே கொண்ட இவர், பின்பு சென்று சேர்ந்த இடம் யாரும் எதிர்பாராதது. அது நாடகக் கம்பெனி.

இவ்விடத்தில் நாடகக் கம்பெனிகளைப் பற்றிச் சிறிது கூறாவிடின், இளைய வாசகர்க்கு விளங்காது. நம் தெருக்கூத்துக்குப் பின்திரை இல்லை. இருவர் பிடித்து நிற்கும் ஒரு திரையும், இரண்டு தீவட்டியும் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்ஸிக் கம்பெனிகள் தென்னாடு வரை வந்து, எழுதிய திரைகளையும் கண்கட்டு வித்தைகளையும் காட்டின. அதன்பின் நம்மவர்க்கும் அவை இன்றியமையாதன ஆயின. 1891-இல் சென்னையிற் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பரோடு தொடங்கிய சுகுணவிலாச சபை கற்றோர் நாடகத்தை மேடையேற்றிற்று. தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஏற்படுத்திய சிறுவர் சபையைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராய்ச் சென்றன. கன்னையா கம்பெனியின் தசாவதாரமும், பின்னர் நவாப் இராஜமாணிக்கத்தின் புராண நாடகங்களும் காட்சி ஜோடனைக்காகவே பேர் பெற்றன. ஓர் ஊரிற் கொட்டகை போட்டால் மாதக்கணக்கில் தங்கவேண்டும். புதிய நாடகத்துக்குப் புதிய சீன் வேண்டும். ஈரத்திலும் வெயிலிலும் கிழிந்த பழைய சீனைப் புதுக்கவும் வேண்டும். ஆகையால் நடிகர், பாடகர், மத்தளக்காரர், சமையற்காரர் என்ற வரிசையிற் சீன் எழுதும் சித்திரகாரரும் கம்பெனியோடு கூடவே பயணம் செய்தார்.

இனி அவ்வேலையின் தன்மையைச் சொல்லுகின்றோம். அன்பரின் குமாரன் இதனை மறுமுறையும் படிக்கவேண்டும்.

காடாத்துணியை அகலம் அகலமாக இணைத்துத் தைத்து, இருபதடிக்கு மேற்பட்ட ஒரே விரிப்பாக்குவர். தையல் மேலிருந்து கீழாக வந்தால் தொங்கும்போது சுருக்கம் காட்டும். ஆகையால் தையலைக் குறுக்கே ஓடவிடுவர். துணியைத் தரையில் விரித்து அல்லது சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பசை பூசுவர். அதன்மேற் சீமைச்சுண்ணாம்பின் வெண்மை ஏறும். பின்பு நூலிற் கரித்தூள் தடவி அடித்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்பர். கையகலத் தாளில் எழுதிய சிறு சித்திரத்திலும் அவ்வாறே கட்டமிருக்கும். ஒரு கட்டத்துள் இருப்பது மறு கட்டத்துள் பெருத்து வரும். வர்ணமோ எண்ணெய் கலந்ததன்று. பொடி வர்ணத்தை வச்சிரப் பசையோடு கலந்து சூடாறாமல் வைத்துக்கொண்டு தீட்டவேண்டும். எண்ணெய் வர்ணம் விளக்கொளியில் மின்னும்; துணியும் விறைத்துச் சுருட்ட முடியாமற்போகும். இந்தப் பசை வர்ணமோ ஈரமாயிருக்கும்போது ஒரு நிறமும் உலர்ந்தபின் வெளுத்து வேறொரு நிறமுமாய்த் தோன்றும். கையிலுள்ள நிறத்தைக் கண்டு ஏமாறாமல், நாளைக்கு அது என்னவாகும் என்று அறிந்து எழுதுகின்றவனே சித்திரகாரன்.

அம்மட்டோ! பகலில் எழுதியதை இரவிற் பார்க்கப் போகின்றவர் சபையோர். காஸ் விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் கறுத்து மங்கும். வெண்மையும் மஞ்சளும் ஒன்றாய் மயங்கும். சிவப்பு மாத்திரம் எழுந்து நிற்கும். ஆகையால் வானத்தைப் பகலிற் பார்க்கக் கண் கூசும்படி தீட்டினால்தான் இரவில் அது வானமாகும். அருகில் நின்று எழுதுகின்றவனுக்கு அது வெறும் வர்ணப் பூச்சு. ஐம்பதடி தூரத்திலிருப்பவர்க்கே அது மலை. தான் எழுதுவதைத் தான் சரியாய்க் காணமுடியாத ஒரு தொழில் இது. ஆதலால் அடிக்கடி தூரிகையை வைத்துவிட்டுக் கொட்டகையின் கடைசிப் பெஞ்சு வரை நடந்து சென்று திரும்பிப் பார்க்கவேண்டும்.

பின்படுதாவோடு வேலை முடிவதில்லை. இரு பக்கமும் தட்டிகள், மேலே ஜாலர். அரண்மனையென்றால் தட்டிகளிலே தூண்கள், காடென்றால் மரங்கள். இத்தட்டிகளில் எழுதிய தூணும் பின்படுதாவில் எழுதிய தூணும் ஒரே தூரத்தை நோக்கிச் சிறுத்துச் செல்லவேண்டும். ஒன்று தவறினும் அரண்மனை சாய்ந்து நிற்கும். படுதாவின் அடியில் ஒரு கழியைக் கோத்துக் கப்பியின் வழியாகக் கயிற்றால் இழுத்துச் சுருட்டுவர். மடித்து வைத்தால் வர்ணம் வெடிக்கும். கயிறு இழுப்பவன் ஒரு நொடி தாமதித்தால் தர்பாரில் நிற்கவேண்டிய அரசன் கானகத்தில் நிற்பான். இவ்வளவும் செய்த பின்னர், நாடகம் மாறும்போது அத்துணியையே கழுவி அதன்மேல் வேறொன்று எழுதிவிடுவதும் உண்டு. எழுதியவன் பெயர் அதில் இராது. கவியின் பாட்டு ஏட்டில் நிற்கும். பாடகனின் குரல் பிளேட்டில் நிற்கும். இவனுடைய மலையும் மாளிகையும் தண்ணீரில் கரைந்து வாய்க்காலிற் போய்விடும்.

இத்தகைய வேலையைத்தான் ஓவியக் கலாசாலையிற் பயின்றவரும் மகரிஷியின் அருகில் இருந்தவருமாகிய கொண்டையராஜு மேற்கொண்டார். அதனை இழிவென்று அவர் கருதவில்லை. கம்பெனியோடு ஊர் ஊராய்ச் சென்றார். அவரைச் சூழ இளைஞர் சிலர் சேர்ந்தனர். வர்ணம் கரைப்பதும் கட்டம் போடுவதும் தொடங்கி, வானமும் புல்தரையும் தீட்டுவது வரை அவர்கள் படிப்படியாய்க் கற்கும் பள்ளிக்கூடம் அந்தக் கொட்டகையின் பின்புறமாயிற்று. பெருந்திரையை ஒருவர் தனியே எழுதிவிட முடியாது. வானம் ஒருவன் கையிலும், தூண்கள் ஒருவன் கையிலும், முகங்கள் ஆசிரியர் கையிலும் அமையும். முடிவில் யாவும் ஒரே கை எழுதியது போலத் தோன்றவேண்டும். தான் என்னும் அகங்காரத்தை விடாதவனுக்கு இவ்வேலை வாய்க்காது.

கம்பெனிகளின் காலமோ தேய்ந்துகொண்டிருந்தது. 1931-இற் காளிதாஸ் வெளிவந்து தமிழ்ப் பேசும்படம் பிறந்தது. அதன்பின் ஒவ்வொரு நடிகராகப் படத்தை நாடிச் சென்றனர். 1939-இல் மூண்ட யுத்தம் மிச்சத்தையும் அசைத்தது. மண்ணெண்ணெயும் துணியும் அரிதாயின. 1942-இற் சென்னையிலிருந்து ஜனங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர்களுக்கு ஓடினர். அவ்வாண்டையொட்டியே, கொண்டையராஜு வேலை பார்த்த கம்பெனி, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இரயில் பாதையிலுள்ள கோவிற்பட்டியில் முகாமிட்டிருந்தபோது கலைந்துபோயிற்று.

நாற்பது வயதைக் கடந்தவர். மனைவி மக்கள் இல்லை. சொந்த ஊரோ முந்நூறு மைலுக்கு அப்பால். கையிலோ தூரிகை மட்டும். நம் அன்பர் அஞ்சுகின்ற முடிவு சரியாக இதுதான். இதனை யாம் மறைத்துக் கூற விரும்பவில்லை. கம்பெனி கலைந்தால் நடிகனை வேறு கம்பெனி அழைக்கும். சீன் எழுதினவனை அழைப்பார் எவருமில்லை. அவ்வாறு நடுத்தெருவில் நின்று, பின் பெயரும் அறியப்படாமல் மறைந்த சித்திரகாரர் எத்தனை பேரோ யாம் அறியோம். கொண்டையராஜு மயிலைக்குத் திரும்பவில்லை. கரிசற்காட்டின் நடுவே வெயிலும் பருத்தியும் தீப்பெட்டித் தொழிலுமாயிருந்த அந்தக் கோவிற்பட்டியிலேயே தங்கிவிட்டார். தம்மை நம்பிய இளைஞர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டார்.

அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்னும் நிலையம் எழுந்தது. புகைப்படத்துக்கும் நாடகத் திரைக்கும் உள்ள உறவை நம் பாட்டனார் காலத்துப் படங்களைப் பார்த்தோர் அறிவர். கலியாணம் ஆன புதிதில் நாற்காலியில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படங்களில், பின்னே ஒரு மாளிகைப் படிக்கட்டும், பூந்தொட்டியும், அப்பால் ஓர் ஏரியும் தோன்றும். அவையெல்லாம் சீன் எழுதுவோர் எழுதிய துணியே. ஆகவே மேடையிற் பயன்பட்ட கை புகைப்பட நிலையத்திலும் பயன்பட்டது. வாழ்க்கைக்கு அது போதிய வழியாயிற்று. புகழ் வந்ததோ வேறொரு வழியில்.

கோவிற்பட்டிக்கு அண்மையில், ஐம்பது கிலோமீட்டருக்குள், சிவகாசி இருக்கின்றது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த வரலாறு யாவரும் அறிந்ததே. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வர்ணச் சீட்டுகள் வேண்டும். அச்சீட்டுகளுக்காகவே அங்கே கல்லச்சுக் கூடங்கள் தோன்றின. கல்லச்சில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல். மூலச் சித்திரத்தைப் பார்த்து அதன் மஞ்சளை ஒரு கல்லிலும் சிவப்பை ஒரு கல்லிலும் புள்ளி புள்ளியாகப் பிரித்து எழுதுவர். தாள் அத்தனை கல்லின்மேலும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்று வந்தால் படம் முழுமை பெறும். கடைக்காரர் தம் வாடிக்கைக்காரர்க்கு வருஷப் பிறப்பில் வழங்கும் காலண்டருக்கு இக்கூடங்கள் தெய்வப் படங்களைத் தேடின. பக்கத்து ஊரிலோ தெய்வங்களை இருபதடித் துணியில் எழுதிப் பழகிய ஒருவர் தம் சீடர் குழாத்தோடு இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தன.

இதற்கு முன் தெய்வப் படம் அச்சிட்டார் இல்லை என்று யாம் கூறவில்லை. இரவிவர்மா 1894-இற் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து இலக்குமியையும் சரசுவதியையும் வீடு வீடாக அனுப்பினார். ஆனால் அவருடைய இலக்குமி மராட்டிய மாதரைப் போலச் சேலையுடுத்து நிற்பாள். கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுதிய மீனாட்சி, முருகன், கஜலக்ஷ்மி முதலிய தெய்வங்களோ தென்னாட்டு உற்சவமூர்த்திகளைப் போல ஆடையாபரணம் பூண்டு வந்தன. கோயிலிலே அலங்காரம் கண்டு மகிழ்ந்த கண்ணுக்கு இப்படம் அந்நியமாய்த் தோன்றவில்லை.

ஆயின் எம் கருத்து யாதெனில், அப்படங்களின் உயிர்நாடி கோயிலைக் காட்டிலும் நாடகக் கொட்டகையிலேயே இருக்கின்றது. வாசகர் தம் வீட்டிற் பழைய காலண்டர்ப் படம் சட்டமிட்டு மாட்டியிருந்தால், அதன்முன் சிறிது நின்று பார்க்க. இரு புறமும் தூண்கள் நிற்கும்; அவை பக்கத் தட்டிகள். மேலே குஞ்சம் தொங்கும் பட்டுத்திரை ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்கும், அது ஜாலர். கீழே சதுரக் கற்கள் பதித்த தரை பின்னோக்கிச் சிறுத்துச் செல்லும், அதுவே மேடை. மிகத் தூரத்தில் மலையும் ஆறும் கோபுரமும் மங்கித் தோன்றும், அது பின்படுதா. நடுவில் தெய்வம், பக்கத்தில் நிற்போரையும் பாராமல், நேரே நம்மை நோக்கி நிற்கும். முகத்தின்மேல் ஒளி முன்னிருந்து விழும். அஃது அவையை நோக்கி நிற்கும் இராஜபார்ட்டின் நிலையன்றோ? தாம் எழுதிய திரைகளெல்லாம் கழுவப்பட்டும் கிழிந்தும் போக, அத்திரைகளின் இலக்கணம் முழுவதையும் ஒரு முழத் தாளில் இறக்கி இவர் காப்பாற்றிவிட்டார். கொட்டகையிற் காலணா கொடுத்துத் தரையில் அமர்ந்து பார்த்த காட்சி, ஒரு காசும் கொடாமல் மளிகைக்கடைக் காலண்டராய் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

கற்றோர் சிலர் இப்படங்களைக் கலையென ஒப்புவதில்லை. முகங்களெல்லாம் ஒரே சாயல், இனிமை மிகுதி, வர்ணம் கண்ணைப் பறிக்கின்றது என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஒரே முருகனை வேலின் பக்கத்தை மாத்திரம் மாற்றி எழுதியதைப் போன்ற படங்களும் உண்டு. அச்சுக்கூடத்தார் விரும்பியதை எழுதிக் கொடுக்கவேண்டிய தொழில் அது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய மூலத்தைக்கொண்டு எத்தனை இலட்சம் பிரதி அச்சிட்டாலும் எழுதினவர்க்கு மேற்கொண்டு கிடைப்பதில்லை என்பதே அவ்வியாபாரத்தின் வழக்கம். இரவில் ஐம்பதடி தூரத்துக்குத் தீட்டிப் பழகிய கை, கையெட்டும் தூரத்துப் படத்திலும் வர்ணத்தைக் கூட்டியதில் வியப்பில்லை. ஆயினும் இருண்ட பூஜையறையில், ஒற்றை அகல்விளக்கின் முன் அப்படத்தைப் பார்த்தவர், அந்த வர்ணம் எவ்வொளிக்காக அவ்வாறு தீட்டப்பட்டது என்பதை உணர்வர். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்பவர் இவருடைய படங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1995-இல் ஒரு நூலில் வெளிவந்தது. நம் வீட்டுச் சுவரில் இருப்பதை அயல்நாட்டார் வந்து சொன்ன பின்னரே நாம் திரும்பிப் பார்க்கின்றோம். இஃது ஒன்றும் புதிதன்று.

இவர் சரிதத்தில் எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அவரிடம் பயின்ற டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலியோர் பிற்காலத்தில் தாமே பெயர்பெற்ற சித்திரகாரர் ஆயினர். அக்காலத்து ஆசிரியர் பலர், சீடன் எழுதியதன்மேல் தம் பெயரை மாத்திரம் இடுவர். சீடனும் அதனைப் பாக்கியமாகக் கருதுவான். கொண்டையராஜு எழுதிய படங்கள் சிலவற்றின் மூலையிலோ அவர் பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்து காணப்படும். திரைக்குப் பின்னே பெயரில்லாமல் உழைத்தவர்க்குப் பெயரின் அருமை தெரிந்திருந்தது போலும்! யாம் இருபது ஆண்டுக்கு மேல் ஆசிரியத் தொழில் செய்கின்றோம். மாணாக்கன் எழுதிய கட்டுரையைத் திருத்தி விழா மலரிற் சேர்க்கும்போது யார் பெயரை இட்டோம் என்று எண்ணி, இவ்விடத்தில் எழுதுகோலைச் சிறிது நேரம் கீழே வைத்தோம்.

அவர் கோவிற்பட்டியை விட்டு நீங்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவ்வூரிலேயே காலமானார். கல்லச்சு மறைந்து ஆப்செட் அச்சு பரவியதையும் அவர் கண்டார். சீடர் வழியும் அவர்தம் சீடர் வழியும் அந்த எழுத்துமுறை அவருக்குப் பின்னும் நெடுங்காலம் சிவகாசிப் படங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

மேடைத் தொழிலும் அவரோடு முடிந்துவிடவில்லை. 1954-இல் நேஷனல் தியேட்டர்ஸ் என்னும் குழுவைத் தொடங்கிய ஆர். எஸ். மனோகர், இலங்கேசுவரன் முதலிய நாடகங்களிற் காட்டிய தந்திரக் காட்சிகளைக் காணவே இந்நகரத்துச் சபாக்களில் ஜனங்கள் நெருங்கினர். அவர் 2006-இற் காலமாகும்வரை அக்குழுவின் பேரே காட்சிக்காக என்றிருந்தது. இன்று மயிலையிலும் தியாகராயநகரிலும் நாடகத்துக்கும், மார்கழி மாதத்து நாட்டியத்துக்கும், பள்ளி விழாவுக்கும் அரங்கம் அமைப்போர் இருக்கின்றனர்; ஒளியமைப்போரும் இருக்கின்றனர்; படத்தொழிலிற் கலை இயக்குநர் என்று பெயர் பெற்றோரும் உளர். பணம் மிகுதியாக வரும் என்று யாம் உறுதி கூறமாட்டோம். கொண்டையராஜுவுக்கே அது வந்ததில்லை. ஆனால் வாளும் சிங்காதனமும் செய்கின்ற பையன் கட்டம் போடவும், நிழல் விழும் பக்கத்தை அறியவும், கடைசிப் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்க்கவும் முறையாகக் கற்கின்றானா என்பதைத் தந்தையார் விசாரிக்கவேண்டும். கற்கின்றானாயின் அவனைத் தடுக்க எமக்கு வாய் எழவில்லை. கற்கவில்லையாயின், நெடுஞ்சாலையிலுள்ள அந்தப் பழைய கலாசாலையின் கதவு இன்றும் திறந்தே இருக்கின்றது. அங்கே சேர்வதற்கு வேண்டிய பரீட்சைக்கு அவனை ஆயத்தம் செய்யச் சொல்லலாம்.

இவற்றை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் அன்பரிடம் படித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் கூறாமற் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், தம் தாயார் காலத்திலிருந்து வீட்டிற் பூஜையில் இருக்கும் ஒரு முருகன் படத்தின் கீழ்மூலையில் ஏதோ எழுத்து உண்டு, நாற்பது வருஷமாய்க் குங்குமம் படிந்து மறைந்திருக்கிறது என்றார். மறுநாட் காலையில் தொலைபேசியில் அழைத்தார். ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பையனை விட்டுப் படிக்கச் சொன்னாராம். அங்கே இருந்தவை இரண்டு பெயர்கள்.